டெலஸ்கோபிக் ஃபோர்க்குக்குப் பதிலாக விஷ்போன் முன்பகுதி: வடிவமைப்பு முதல் ஓட்டிப் பார்ப்பது வரை

பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களின் முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் டெலஸ்கோபிக் ஃபோர்க், மூன்று வேலைகளை ஒன்றுக்குள் ஒன்று வழுக்கும் ஒரே ஜோடிக் குழாய்களிடம் ஒப்படைக்கிறது: வண்டியைத் திருப்புவது, சாலையின் மேடுபள்ளங்களை உள்வாங்குவது, பிரேக் பிடிக்கும்போது எழும் விசையைச் சேஸிஸுக்குக் கடத்துவது. இம்மூன்றும் ஒன்றோடொன்று மோதுகின்றன. பிரேக் பிடித்தால் குழாய்கள் வளைய முற்படுகின்றன. வளையும் குழாய் உள்ளே வழுக்கத் தயங்குகிறது. பள்ளத்தை உள்வாங்க வேண்டிய அந்த நொடியில் சஸ்பென்ஷன் இறுகிவிடுகிறது. அதோடு ஃபோர்க் அமுங்கும்போது திருப்பத்தின் வடிவியலும் மாறுகிறது. ஃபோர்க்கை நீக்கிவிட்டு வேறு அமைப்பை வைக்கும் தனிப்பயன் வண்டிகள் அனைத்தும் இந்த மூன்று வேலைகளையும் பிரிக்கும் முயற்சிகளே. அவற்றில், நல்ல வெல்டரும் லேத்தும் உள்ள ஒரு பட்டறையில் செய்து முடிக்கக்கூடிய இரட்டை விஷ்போன் அமைப்பை (விஷ்போன் என்பது கவட்டை வடிவக் கை), அதாவது ஹோசாக் வகையை, எப்படி உருவாக்குவது என்பதை இங்கே படிப்படியாக விளக்குகிறேன்.

தொடங்கும் முன் சட்டத்தைப் பற்றி ஒரு சொல். இந்தியாவில் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் நிர்ணயித்த அடிப்படை அமைப்பிலிருந்து வாகனம் மாறுபடுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. ஆகவே இங்கே இத்தகைய வண்டி தனியார் தடத்துக்கும் கண்காட்சிக்கும் உரியது. பிரிட்டனில் மோட்டார் சைக்கிளுக்கான தனி வாகன ஒப்புதல் சோதனை, ஜெர்மனியில் டியூவ் பரிசோதனை ஆகிய வழிகள் உள்ளன. எங்கு வாழ்கிறீர்களோ அங்குள்ள விதியை இரும்பை வெட்டுவதற்கு முன்பே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

படி 1: எந்த வகை என்பதைத் தீர்மானித்தல்

மாற்று அமைப்புகள் புதியவை அல்ல. கார்ல் நெராக்கர் வடிவமைத்த நெராகார் 1920-களின் தொடக்கத்திலேயே சக்கரத்தின் மையத்தில் திருப்பும் அமைப்போடு விற்பனைக்கு வந்தது. அந்த மையத் திருப்ப அமைப்பில் சுவிங்ஆர்ம் என்னும் கை ஒன்று முன்னால் நீண்டு சக்கரத்தைப் பிடித்துக்கொள்ள, திருப்பத்தின் அச்சு சக்கரத்தின் நடுவே புதைந்திருக்கும். பிமோட்டாவின் டெசி இதற்குப் பெயர் பெற்றது. பியர்லூயிஜி மார்கோனியின் பொறியியல் பட்ட ஆய்வேட்டில் பிறந்த அந்த எண்ணம் 1990-இல் டெசி 1டி-யாகச் சாலைக்கு வந்தது. பார்வைக்கு இதைவிடக் கவர்ச்சியானது வேறில்லை. ஆனால் பெரிய விட்டமுள்ள பேரிங்குகள், உள்ளீடற்ற ஹப், குறுகிய திருப்பக் கோணம், ஹேண்டில்பாரிலிருந்து ஹப் வரை நீளும் இணைப்புத் தொடர் ஆகியவை இதை ஒரு முதல் முயற்சிக்குப் பொருந்தாததாக்குகின்றன. ஜேம்ஸ் பார்க்கரின் எண்ணத்தில் உருவாகி 1993-இல் வந்த யமஹா ஜிடிஎஸ்1000-இன் ஒற்றைக்கை அமைப்புக்கும் தனியாக வார்த்த ஹப்பும் சக்கரமும் தேவைப்படும்.

சக்கரத்தைச் சிறு கைகளால் பிடிக்கும் லிங்க் வகைகள் எளியவை. அவற்றைப் புரிந்துகொள்ள நம் தெருக்களில் ஓடிய பஜாஜ் சேத்தக்கே போதும். அந்த ஸ்கூட்டரில் முன்னால் ஒரு பிவட், அதாவது சுழல்முனை; அதில் ஒரு சிறு கை. பிவட்டுக்குப் பின்னால், கையின் மறுமுனையில் சக்கரத்தின் அச்சு. பிரேக் பிடித்தால் பிரேக்கின் முறுக்குவிசை அந்தக் கையையும் சக்கரம் சுழலும் திசையிலேயே சுழற்றப் பார்க்கிறது. பின்னால் உள்ள அச்சு மேலெழுகிறது. வண்டியின் மூக்கு தரையை நோக்கிக் குனிகிறது. 1955 முதல் 1969 வரை பிஎம்டபிள்யூ பயன்படுத்திய எர்ல்ஸ் ஃபோர்க்கில் அச்சு பிவட்டுக்கு முன்னால் இருப்பதால், அதே முறுக்குவிசை மூக்கைத் தூக்குகிறது. ஒரே இயற்பியல், இரண்டு எதிரெதிர் விளைவுகள். பிரேக் பிடிக்கும்போது மூக்கு எவ்வளவு குனிய வேண்டும் என்பதைப் பிவட்டை வைக்கும் இடத்தால் நாமே முடிவு செய்யலாம் என்பதுதான் இதிலிருந்து நமக்குக் கிடைக்கும் செய்தி.

கர்டர் ஃபோர்க்கையும் ஹோசாக் அமைப்பையும் பலர் ஒன்றாகக் கருதுகிறார்கள். இரண்டிலும் சக்கரத்துக்கு மேலே இரண்டு இணைப்புகள் இருப்பதால் தோற்றம் ஒத்திருக்கிறது. கர்டரில் அந்த இணைப்புகள் ஹேண்டில்பாரோடு சேர்ந்து திரும்பும்; பழைய ஸ்டீயரிங் ஹெட்டே (சேஸிஸின் முன்முனையில் ஃபோர்க் சுழலும் குழாய்) திருப்பத்தின் அச்சு. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ராயல் என்ஃபீல்டு 2024 நவம்பரில் மிலானில் காட்டிய ஃப்ளையிங் ஃபிளீ சி6 மின்வண்டியில் இருப்பது இந்த வகைதான். ஹோசாக்கில் விஷ்போன்கள் சேஸிஸோடு பிணைக்கப்பட்டு மேலும் கீழும் மட்டுமே அசையும். அவற்றின் முன்முனைகளில் உள்ள இரண்டு பால் ஜாயின்ட்டுகளை (பல திசையிலும் அசையும் பந்து மூட்டுகளை) சுற்றியே திருப்பம் நிகழும். மெக்லாரன் கார் பந்தய அணியில் பணியாற்றிய நார்மன் ஹோசாக், பந்தயக் காரின் முன்பகுதியை நிமிர்த்தி வைத்தது போன்ற இந்த அமைப்பை 1970-களின் முடிவில் உருவாக்கினார். நியூசிலாந்தின் ஜான் பிரிட்டன் தம் வி1000 பந்தய வண்டியில் இதன் உறவுமுறை அமைப்பொன்றைக் கார்பன் இழையில் செய்தார். பிஎம்டபிள்யூ 2004-இல் கே1200எஸ் வண்டியில் டுவோலீவர் என்ற பெயரில் இதையே கொண்டுவந்தது. ஹோண்டா கோல்டுவிங்கும் 2018-இல் இரட்டை விஷ்போனுக்கு மாறியது. சாதாரண ஹப், சாதாரண சக்கரம், சாதாரண காலிப்பர் அனைத்தும் இதில் அப்படியே பயன்படும் என்பது பட்டறைக்காரருக்குப் பெரிய வசதி.

படி 2: கொடை வண்டியை அளத்தல்

கொடை வண்டி என்பது நாம் மாற்றியமைக்கப்போகும் வண்டி. அதன் முன்பகுதியைக் கழற்றுவதற்கு முன்பே அளவுகள் எடுக்கப்பட வேண்டும். ஓட்டுநர் அமர்ந்த நிலையில் முன்சக்கரம், பின்சக்கரம் இரண்டையும் தனித்தனி எடைமேடைகளில் நிறுத்தி எடையைக் குறிக்க வேண்டும். பின்னர் சஸ்பென்ஷனை அசையாமல் கட்டிவிட்டு, பின்சக்கரத்தைத் தெரிந்த உயரத்துக்குத் தூக்கி, முன்சக்கரத்தின் எடை எவ்வளவு கூடுகிறது என்று பார்த்தால் புவியீர்ப்பு மையத்தின் உயரத்தைக் கணக்கிட்டுவிடலாம். சக்கர இடைவெளி, டயரின் ஆரம், ஸ்டீயரிங் ஹெட்டின் சாய்வு, என்ஜின் பிடிகளின் இடங்கள் ஆகிய அனைத்தையும் ஒரு முழு பிளைவுட் பலகையில் உண்மை அளவில் வரைந்துகொள்வது நல்லது. கணினியில் வரைபவரும் இந்தப் பலகையைத் தவிர்க்கக் கூடாது என்பது என் கருத்து. டயருக்கும் ரேடியேட்டருக்கும் இடையே கை நுழையுமா என்பதை அது காட்டுவதுபோல் திரை காட்டுவதில்லை.

இனி வரும் கணக்குகளுக்கு ஓர் எடுத்துக்காட்டு வண்டியைக் கொள்வோம்: ஓட்டுநரோடு 250 கிலோ, சக்கர இடைவெளி 1400 மி.மீ., புவியீர்ப்பு மையத்தின் உயரம் 600 மி.மீ., டயரின் ஆரம் 300 மி.மீ.

படி 3: வடிவியலை எண்ணில் முடிவு செய்தல்

திருப்பத்தின் அச்சு செங்குத்திலிருந்து சாயும் கோணம் ரேக். அந்த அச்சு தரையைத் தொடும் புள்ளிக்கும் டயர் தரையைத் தொடும் புள்ளிக்கும் இடையே உள்ள தூரம் டிரெயில். டயரின் ஆரத்தை ரேக் கோணத்தின் சைனால் பெருக்கி, அதிலிருந்து ஆஃப்செட்டை (திருப்பத்தின் அச்சுக்கும் சக்கரத்தின் அச்சுக்கும் இடையே உள்ள தூரத்தை) கழித்து, வருவதைக் கொசைனால் வகுத்தால் டிரெயில் கிடைக்கும். 25 பாகை ரேக்கும் 35 மி.மீ. ஆஃப்செட்டும் கொண்டால் நம் வண்டியின் டிரெயில் ஏறக்குறைய 101 மி.மீ. சாலை வண்டிக்கு இது நிதானமான எண்.

இதே எண்களோடு டெலஸ்கோபிக் ஃபோர்க் பிரேக்கில் அமுங்கி மூக்கு 80 மி.மீ. தாழ்ந்தால், பின்பக்கம் அசையவே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், வண்டி 3.3 பாகை முன்னே சாய்கிறது; ரேக் 21.7 பாகையாகவும் டிரெயில் 82 மி.மீ. ஆகவும் குறைகின்றன. வளைவில் நுழையும் தருணத்தில் வண்டியின் குணமே மாறுகிறது என்று ஓட்டுநர்கள் சொல்வதற்கு இதுவே காரணம்.

விஷ்போன் அமைப்பில் இந்தக் குனிவை இணைப்புகளின் சாய்வால் கட்டுப்படுத்தலாம். இரண்டு விஷ்போன்களும் இணையாகவும் தரைக்குக் கிடையாகவும் இருந்தால் பிரேக் விசை சஸ்பென்ஷனை அமுக்கவும் செய்யாது, தூக்கவும் செய்யாது. எடைமாற்றத்தால் வரும் குனிவு மட்டும் எஞ்சும். சேஸிஸ் பக்கப் பிவட்டுகள் முன்முனைகளைவிட உயரமாக இருந்தால் பிரேக் விசையே குனிவை எதிர்க்கும். நம் வண்டியில் குனிவை முழுவதுமாக நிறுத்த வேண்டுமானால், பிரேக் முழுவதும் முன்சக்கரத்தில் என்று கொண்டால், சாய்வு சுமார் 23 பாகை ஆக வேண்டும்; 30 விழுக்காடு எதிர்ப்புக்கு 7 பாகையே போதும்.

முழு எதிர்ப்பை நாடுவது தவறு. முன்முனை தாழ்ந்திருக்கும் இணைப்பு மேலெழும்போது சக்கரம் மேலேயும் முன்னேயும் நகர்கிறது. எதிரே வரும் மேட்டை நோக்கியே சக்கரம் நகர்வதால் அடி கடுமையாகக் கையில் இறங்கும். குனிவே இல்லாத வண்டியில் எவ்வளவு பிரேக் பிடித்திருக்கிறோம் என்பதும் ஓட்டுநருக்குப் புரிவதில்லை. 20 முதல் 40 விழுக்காட்டுக்குள் நிற்பதே சாலை வண்டிக்குச் சரி.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. 300 மி.மீ. நீளமுள்ள இணைப்பின் முன்முனை 60 மி.மீ. உயர்ந்தால் அதன் சாய்வு 11 பாகைக்கு மேல் மாறுகிறது. நின்ற நிலையில் 7 பாகை கொடுத்து மகிழ்ந்தவருக்கு, பிரேக்கில் அமுங்கிய நிலையில் அது எதிர்த்திசைக்கே போயிருக்கும். ஆகவே சாய்வைப் பிரேக்கில் சஸ்பென்ஷன் நிற்கும் நிலையில் வைத்து வரைய வேண்டும். இணைப்புகள் நீளமாக இருக்க இருக்க இந்த மாற்றம் குறையும்.

படி 4: பால் ஜாயின்ட்டுகளின் இடமும் சுமையும்

கீழ் பால் ஜாயின்ட் டயருக்கு மேலே இருக்கும். அது சக்கரத்தோடு சேர்ந்தே மேலெழுவதால் டயருக்கும் அதற்கும் இடையே 30 முதல் 50 மி.மீ. இடைவெளி போதும், முழு அமுக்கத்தில் டயரோடு மோதக்கூடியவை சேஸிஸின் முன்முகமும் ரேடியேட்டரும்தான். தரையிலிருந்து கீழ் ஜாயின்ட் 650 மி.மீ., மேல் ஜாயின்ட் 850 மி.மீ. என்று வைத்துப் பார்ப்போம். வண்டி ஒரு ஜி அளவுக்கு, அதாவது புவியீர்ப்பு முடுக்கத்துக்குச் சமமாக, வேகம் குறைத்தால் டயரின் அடியில் எழும் விசை 2450 நியூட்டன். நெம்புகோல் கணக்கின்படி கீழ் ஜாயின்ட்டில் அது 4.25 மடங்காகி 10,400 நியூட்டனைத் தாண்டுகிறது. மேல் ஜாயின்ட்டில் ஏறக்குறைய 8,000 நியூட்டன். கீழ் விஷ்போன் அமுக்கப்படுகிறது, மேல் விஷ்போன் இழுக்கப்படுகிறது. ஜாயின்ட்டுகளுக்கு இடையிலான உயரத்தை 250 மி.மீ. ஆக்கினாலே கீழே 8,800 ஆகவும் மேலே 6,400 ஆகவும் சுமை குறைகிறது. இடமிருக்கும் அளவுக்கு இடைவெளியைக் கூட்டுங்கள். ஓர் உலோகமும் செலவழிக்காமல் கிடைக்கும் வலிமை இது.

பள்ளத்தில் விழும்போது வரும் அதிர்வைக் கருதி இந்தச் சுமைகளைப் போல் குறைந்தது மூன்று மடங்கு தாங்கும் ஜாயின்ட்டுகளையே தேர்ந்தெடுக்க வேண்டும். சிறிய கார்களின் கீழ் விஷ்போனில் வரும் பால் ஜாயின்ட்டுகள் ரப்பர் உறையோடு, தூசி புகாமல், எளிதில் கிடைப்பவை. அவை திரும்பும் கோணத்துக்கு வரம்பு உண்டு. இரு பக்கமும் 30 பாகை திருப்பத்தோடு சஸ்பென்ஷனின் முழு அசைவையும் சேர்த்துச் சோதித்த பின்பே வாங்க வேண்டும். ரோஸ் ஜாயின்ட்டை (தண்டின் முனையில் துளையிட்ட பந்து உள்ள மூட்டை) பயன்படுத்துபவர், பந்து கழன்றாலும் போல்ட் விட்டுப் போகாதபடி அகன்ற வாஷரைக் கட்டாயம் இட வேண்டும்.

படி 5: சேஸிஸ், விஷ்போன்கள், தாங்குசட்டம்

பழைய ஸ்டீயரிங் ஹெட்டை வெட்டி எறிய வேண்டியதில்லை. ஹேண்டில்பார் சுழல்வதற்கான கோன் செட் இடமாக அதுவே பயன்படும். விஷ்போன் பிவட்டுகளைத் தாங்கப் புதிய சட்டமொன்றை என்ஜின் பிடிகளோடு முக்கோணமாகப் பிணைக்க வேண்டும். பிரேக் விசை இப்போது உயரமான ஸ்டீயரிங் ஹெட்டை முறுக்காமல் நேரே என்ஜினை நோக்கிப் போவதால், இந்தச் சட்டம் பெரிதாக இருக்க வேண்டியதில்லை. விறைப்பாக இருந்தால் போதும்.

இரண்டு பிவட் அச்சுகளும் ஒன்றுக்கொன்று இணையாகவும் வண்டியின் நடுத்தளத்துக்குச் செங்குத்தாகவும் அமைய வேண்டும். இதைக் கண்ணால் பார்த்துச் செய்ய முடியாது. இரண்டு பிவட்டுகளிலும் நீண்ட நேரான தண்டுகளைச் செருகி, அவற்றை ஜிக்கில் பிடித்து வைத்த நிலையிலேயே வெல்ட் செய்து, சூடு முழுவதும் ஆறிய பின்பே கழற்ற வேண்டும். விஷ்போன்களுக்கும் சக்கரத்தைத் தாங்கும் சட்டத்துக்கும் குரோம்மாலி எனப்படும் வலுவான கலப்பு எஃகுக் குழாயோ நல்ல தரமான தையலற்ற எஃகுக் குழாயோ ஏற்றது; தண்ணீர்க் குழாய்க்கு இங்கே இடமில்லை. தாங்குசட்டத்தின் இரு கால்களும் டயரின் இருபுறமும் இறங்குவதால் பக்கவாட்டு விறைப்பு அதன் தலைப்பகுதியிலிருந்தே வர வேண்டும். அங்கே பெட்டி வடிவம் கொடுப்பது பயன் தரும். வெல்டுகள் அனைத்தையும் விரிசலைக் காட்டும் சாயம் ஊடுருவும் சோதனைக்கு உட்படுத்துங்கள். அதற்கான ஸ்பிரே டப்பாக்கள் மலிவானவை.

மேல் விஷ்போனின் முன்முனையில் திருகி நீட்டும் வசதி வைப்பது அறிவுடைமை. 250 மி.மீ. இடைவெளியில் அதை 5 மி.மீ. நீட்டினால் ரேக் சுமார் ஒரு பாகை குறையும். டிரெயிலும் 6 மி.மீ. அளவுக்குக் குறையும். ஒரு ஸ்பானரால் ரேக்கை மாற்றிப் பார்க்கும் வசதி டெலஸ்கோபிக் ஃபோர்க்கில் கிடைக்காதது.

படி 6: ஷாக் அப்சார்பர்

கீழ் விஷ்போனுக்கும் சேஸிஸுக்கும் இடையே ஒற்றை ஷாக் அப்சார்பர் போதும். சக்கரம் 120 மி.மீ. நகரும்போது ஷாக் 60 மி.மீ. அமுங்கினால் விகிதம் இரண்டுக்கு ஒன்று. அப்போது சக்கரத்தில் வேண்டிய ஸ்பிரிங் விறைப்பைப் போல் நான்கு மடங்கு ஷாக்கில் தேவை. சக்கரத்தில் ஒரு மி.மீ.க்கு 18 நியூட்டன் என்றால் ஷாக்கில் 72. ஷாக்கின் கீழ்ப்பிடி விஷ்போனின் நடுவில் விழுவதால் அந்த இடத்தில் குழாய் வளையாதபடி வலுவூட்ட வேண்டும்.

படி 7: திருப்ப இணைப்பு

இத்தகைய வண்டிகள் பெரும்பாலும் வெற்றி பெறுவதும் தோற்பதும் இங்கேதான். ஹேண்டில்பார் சேஸிஸோடு நிற்கிறது. சக்கரம் மேலும் கீழும் ஓடுகிறது. இரண்டையும் இணைக்கும் தண்டு, சக்கரம் மேலெழும்போது அதைத் தானாகத் திருப்பிவிடக் கூடாது.

ஒரு வழி டை ராட், அதாவது ஹேண்டில்பாரின் திருப்பத்தைத் தாங்குசட்டத்தில் உள்ள திருப்பக் கைக்குக் கடத்தும் தண்டு. அது விஷ்போன்களுக்கு இணையாகவும் அவற்றின் நீளத்துக்குச் சமமாகவும் இருக்க வேண்டும். எந்தப் பிழை எவ்வளவு கெடுக்கும் என்பதைப் பாருங்கள். விஷ்போன் 300 மி.மீ., டை ராட் 280 மி.மீ., திருப்பக் கை 60 மி.மீ. என்றால், சக்கரம் 50 மி.மீ. எழும்போது நீளப் பிழையால் சக்கரம் 0.3 பாகை மட்டுமே திரும்பும். நீளம் சரியாக இருந்து சாய்வு இரண்டு பாகை மாறிப்போனால் அதே 50 மி.மீ. அசைவில் சக்கரம் 1.7 பாகை திரும்பிவிடும். நேர்ச்சாலையில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் வண்டி தலையாட்டுவதற்கு இது தாராளமாகப் போதும். எனவே நீளத்தைவிடச் சாய்வில் கண்டிப்பாக இருங்கள். டை ராட்டின் ஒரு முனையையாவது ஷிம் (மெல்லிய தகடு) வைத்து உயர்த்தித் தாழ்த்த இடம் விட்டு வையுங்கள்.

மற்றொரு வழி, டுவோலீவரில் உள்ளதுபோல் கத்தரிக்கோலாக மடங்கும் இரண்டு தட்டையான கைகள். ஹேண்டில்பாரின் அச்சும் தாங்குசட்டத்தின் அச்சும் வண்டியின் நடுத்தளத்திலேயே இருந்தால், நேராக ஓடும்போது இந்த அமைப்பில் தானாகத் திரும்பும் சிக்கல் எழுவதே இல்லை. இதன் கீல் அகலமாகவும் பேரிங்குகள் முன்னழுத்தத்தோடும் இருக்க வேண்டும். குறுகிய கீல் முறுக்கத்தில் நெளிந்து, ரப்பர் வழியாக வண்டியைத் திருப்புவது போன்ற உணர்வைத் தரும். இரண்டில் ஒன்றைச் சொல்லச் சொன்னால் நான் இதையே சொல்வேன்.

சோதனை எளிது. ஷாக்கைக் கழற்றிவிட்டு, ஹேண்டில்பாரை அசையாமல் கட்டி, சக்கரத்தின் ரிம்மில் ஒரு லேசர் சுட்டியை முன்னோக்கிப் பொருத்துங்கள். மூன்று மீட்டர் தள்ளியுள்ள சுவரில் செங்குத்துக் கோடொன்று வரைந்து, ஜாக்கியால் சக்கரத்தை முழு அசைவுக்கும் ஏற்றி இறக்குங்கள். ஒளிப்புள்ளி கோட்டிலிருந்து 5 மி.மீ. விலகினால் சக்கரம் 0.1 பாகை திரும்பியிருக்கிறது. அந்த அளவுக்குள் நின்றால் போதும். இதையே 5 பாகை, 10 பாகை திருப்பிய நிலைகளிலும் செய்ய வேண்டும். அங்கே விலகல் சற்றுக் கூடுவது இயல்பு, ஆனால் இடமும் வலமும் ஒரே அளவாக இருக்க வேண்டும். அடுத்து முன்சக்கரத்தை இறுக்கிப் பிடித்து ஹேண்டில்பாரை அசைக்க வேண்டும். எங்காவது 'டக்' என்ற தட்டல் கேட்டால் அந்த ஜாயின்ட்டை மாற்றாமல் மேலே போகக் கூடாது. 60 மி.மீ. கையில் 0.1 மி.மீ. தளர்வுகூட ஏறக்குறைய 0.1 பாகை ஆகிறது. தளர்வுகள் தொடர்தோறும் கூடிக்கொண்டே போகும்.

படி 8: பொருத்துதலும் ஓட்டிப் பார்த்தலும்

பிரேக் ஹோஸ் முழு நீட்சியிலும் முழுத் திருப்பத்திலும் இழுபடாமலும், முழு அமுக்கத்தில் டயரை உரசாமலும் இருப்பதை இரு பக்கமும் பார்க்க வேண்டும். பால் ஜாயின்ட் தன் எல்லையைத் தொடுவதற்கு முன்பே திருப்பத்தை நிறுத்தும் தடுப்பான்களைச் சேஸிஸில் பொருத்துங்கள். திருப்பத்தோடு தொடர்புடைய ஒவ்வொரு நட்டுக்கும் ஸ்ப்ளிட் பின்னோ பூட்டுக்கம்பியோ வேண்டும். டார்க் ரெஞ்சால் இறுக்கிய பின் பெயின்ட்டால் கோடிட்டால் அது நகர்ந்ததா என்பது பிறகு தெரியும்.

முதல் ஓட்டம் மூடிய தடத்தில், நடக்கும் வேகத்தில், முழுத் திருப்பங்களோடு. பிறகு 30 கி.மீ. வேகத்தில் நேராக ஓட்டி, கைப்பிடியைத் தளர்த்திப் பிடித்து, சக்கரம் படபடக்கிறதா என்று கவனிக்க வேண்டும். பிரேக் சோதனையைப் படிப்படியாகக் கூட்டி, ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பின்பும் பெயின்ட் கோடுகளைப் பார்க்க வேண்டும். டெலஸ்கோபிக்கில் பழகிய கைக்கு இந்த வண்டி முதலில் 'செய்தி சொல்லாதது' போலத் தோன்றும், ஏனெனில் மூக்கின் குனிவைக் கொண்டு பிரேக்கை அளந்தே அந்தக் கை பழகியிருக்கிறது. ஓட்டுநர் பழகும் முன்பே வடிவியலை மாற்றத் தொடங்குவது வீண். உண்மையாகவே நேர்ச்சாலையில் வண்டி நிலையற்று இருந்தால், மேல் விஷ்போனை இரண்டு மி.மீ. குறுக்கி டிரெயிலைக் கூட்டிப் பாருங்கள். திருப்பம் கனமாக இருந்தால் எதிர்த்திசையில். திருப்பத்தின் படபடப்பை அடக்கும் ஸ்டீயரிங் டாம்பரை அதன் பின்பே பொருத்த வேண்டும், ஏனெனில் முன்னதாகப் பொருத்தப்பட்ட டாம்பர் தளர்ந்த ஜாயின்ட்டையும் தவறான டை ராட் சாய்வையும் மறைத்துவிடும்.